கடைசி வீட்டுக்குப் போன ஐஸ்

நம் வயதுக்காரர்களில் இன்னும் பல் கூசாமல் ஐஸ் கடிக்கிறவர்கள் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள். நான் தூக்க மாட்டேன். போன வாரம் என் மகள் மாம்பழத்தை அடித்து, ரப்பர் மாதிரி வளைகிற ஒரு அச்சில் உறைய வைத்து, பூப்போட்ட குச்சியோடு என்னிடம் நீட்டினாள். வாங்கியதும் முகர்ந்து பார்த்தேன். பிறகு ஜன்னல் பக்கம் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தேன். "விஷமா வெச்சிருக்கேன்?" என்று சிரித்தாள். அவளுக்கு வேடிக்கை. எனக்கு எதையும் சோதிக்காமல் வாயில் வைக்க வராது. அம்மாவிடமிருந்து வந்தது அது. எங்கள் அம்மா சந்தேகத்தை உப்பு மாதிரி எல்லாவற்றிலும் ஒரு சிட்டிகை போடுவாள்.

மைசூரில் நாங்கள் அப்போது லைன் வீட்டில் இருந்தோம். ஒரே காம்பவுண்டு, ஒரே கேட், ஒரே குழாய், வரிசையாக ஓட்டு வீடுகள். கேட்டை ஒட்டிய பெரிய வீட்டில் ஓனரம்மா. நாங்கள் நடுவில். கோடியில் இருந்ததை எல்லாரும் கடைசி வீடு என்போம். அங்கே டெம்போ ஓட்டுகிற ஒரு அங்கிள், அவர் மனைவி, அவர்களுடைய பெண். அந்தப் பெண் என் வகுப்பு. என் தலைக்குப் பேன் பார்த்துவிடும் அளவுக்குச் சிநேகிதம். அவர்கள் கன்னடக்காரர்கள். நாங்கள் தமிழ். அந்த வருஷம் வரை இதை யாரும் ஒரு விஷயமாகப் பேசியதில்லை.

அப்பாவும் அம்மாவும் ராமாபுரத்துக்காரர்கள். கொள்ளேகால் தாண்டிக் காட்டோரம் இருக்கிற ஊர். கர்நாடகத்திலேயே பிறந்து தமிழ் பேசுகிற ஜனம். தொண்ணூற்றியொன்று டிசம்பரில் காவிரித் தண்ணீருக்காக ஊர் கொதித்தபோது, 'உங்க ஊருக்குப் போங்க' என்று தெருவில் யாரோ கத்திக்கொண்டு போனார்கள். அப்பா பஸ் ஏறிப் போனாலும் அதே மாநிலத்துக்குள்தான் இறங்க வேண்டும். இதை அப்பா பிற்பாடு தமாஷாகச் சொல்வார். அன்று தமாஷ் இல்லை. அம்மா சுவரிலிருந்த தமிழ்க் காலண்டரைக் கழற்றி அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள். ரேடியோவைப் போர்வையால் மூடிக் கேட்டோம். அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் கேட்டருகே சிலர் கும்பலாக வந்து நின்றார்கள். ஜன்னல் இடுக்கில் அம்மா பார்த்தபோது, கடைசி வீட்டு அங்கிள் அவர்களோடு பேசிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் கும்பல் போய்விட்டது. 'ஏதோ சொல்லி அனுப்பி வெச்சிட்டாரு' என்றார் அப்பா. 'எந்த வூடுன்னு காட்டிக் குடுத்திருப்பாரு, அப்பறம் வருவாங்க' என்றாள் அம்மா. அவர் என்ன பேசினார் என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. இனி ஒரு சின்ன விஷயம் தப்பாகப் பட்டாலும் மூட்டை கட்டிக்கொண்டு மேட்டூரில் மாமா வீட்டுப் பக்கம் போய்விட வேண்டும் என்று அப்பாவிடம் அம்மா சத்தியம் வாங்கி வைத்திருந்தாள்.

அந்த நிலைமையில்தான் எங்கள் வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வந்தது.

யுகாதி கழிந்து வெயில் ஏறிய சமயம். அப்பாவின் ஃபாக்டரி சொஸைட்டி மூலமாகக் கிடைத்த ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ், வானநீலம். உள்ளே மேலே ஒரு சின்னப் பெட்டி, அதற்கு ஒரு அலுமினியக் கதவு. அதுதான் ஐஸ் பிடிக்கிற இடம். லைனில் வேறு யாரிடமும் ஃபிரிட்ஜ் இல்லை. ஓனரம்மாவிடம் கூட இல்லை என்பதில் அம்மாவுக்குச் சந்தோஷம். கண் படுமே என்று ஒரு பயமும்.

பழ ஐஸ் போடுவது அம்மாவே கண்டுபிடித்துக்கொண்ட வித்தை. ரஸபுரி மாம்பழம் வந்தால் கையால் பிசைந்து சக்கையை நீக்குவாள். கறுப்புத் திராட்சையை ஒரு கொதி விட்டு வெள்ளைத் துணியில் பிழிவாள். தர்பூசணிக்கு எலுமிச்சை. கிர்ணிப் பழத்துக்கு ஏலக்காய். சர்க்கரையைத் தனியாக வெந்நீரில் கரைத்துத்தான் சேர்ப்பாள். உறைந்தால் இனிப்பு மங்கிவிடும் என்பதால், நாக்கில் வைத்தால் திகட்டுகிற அளவுக்குப் போட்டால்தான் ஐஸ் சரியாக வரும். இதைக் கலந்து எவர்சில்வர் டம்ளர்களில் ஊற்றிப் பெட்டிக்குள் நெருக்கி வைப்பாள். குச்சியை உடனே போட்டால் சாய்ந்துவிடும். பாதி உறைந்து கூழாக இருக்கும்போது நடுவில் குத்த வேண்டும். அந்தப் பாதி எப்போது வரும் என்று தம்பியும் நானும் கதவைத் திறந்து திறந்து பார்த்ததில்தான் ஐஸ் லேட்டானது. கரண்ட் போனால் போச்சு. இளகிய ஐஸ் மறுபடி உறைந்தால் அடியில் பழமும் மேலே வெறும் தண்ணீருமாகப் பிரிந்து நிற்கும். அம்மா அதைப் பார்த்து, "யாரு தொறந்தது?" என்று எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பாள். கரண்டைச் சந்தேகப்பட மட்டும் அவளுக்குத் தோன்றவே தோன்றாது.

அந்த டம்ளர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா கல்யாணத்துக்கு மாமா மேட்டூரில் வாங்கிக் கொடுத்தவை. நம் பக்கம் பாத்திரம் வாங்கினால் கடையிலேயே பெயர் வெட்டித் தருவார்கள் அல்லவா? புள்ளி புள்ளியாக மாமா பெயர், அதற்குக் கீழே 'அன்பளிப்பு'. எல்லாம் தமிழில். காபி குடிக்கும்போது அந்தப் புள்ளிகள் உதட்டில் உரசும். ஐஸ் டம்ளராகும்போது அந்தப் பள்ளங்களில் வெள்ளையாகப் பனி பூத்து எழுத்து மட்டும் தனியாகத் தெரியும்.

முதல் முறை ஐஸ் போட்டபோது எல்லா வீட்டுக்கும் டம்ளரோடு அனுப்பினாள். டம்ளரை விட்டு எடுத்தால் போகிற வழியிலேயே ஒழுகிவிடும். கொண்டு போய்க் கொடுக்கிறவள் நான். விரல் ஒட்டிக்கொள்ளாமலிருக்கப் பாவாடையால் சுற்றிப் பிடித்துக்கொண்டு ஓடுவேன். சாயங்காலத்துக்குள் டம்ளர்கள் திரும்பி வந்துவிடும். எதுவும் வெறுமனே வராது. ஓனரம்மா வீட்டு டம்ளரில் மல்லிகைச் சரம் சுருண்டிருக்கும். பக்கத்து வீட்டிலிருந்து பொட்டுக்கடலையும் வெல்லமும். கடைசி வீட்டு ஆன்ட்டி பச்சைமிளகாய் தாளித்துப் போட்ட பொரி அனுப்புவாள். தம்பி அதற்காகவே அந்த டம்ளருக்குக் காத்திருப்பான். அப்படி இரண்டு மூன்று தடவை நடந்தது. ஒரு மாதிரி அம்மாவின் முகமும் இளக ஆரம்பித்தது. காலண்டர் மறுபடி சுவருக்கு வந்தது.

பிறகு ஒரு மாம்பழ ஐஸ் அன்று, கடைசி வீட்டுக்குப் போன டம்ளர் திரும்பவில்லை.

முதல் நாள் அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் பாத்திரக் கூடையைக் கவிழ்த்துப் பார்த்தாள். அதற்கடுத்த நாள் என்னைக் கூப்பிட்டு, "கண்ணு, வெளையாடப் போற மாதிரி போய் டம்ளரைக் கேட்டுட்டு வா. நான் கேட்டேன்னு சொல்லாத," என்றாள்.

கடைசி வீட்டுக் கதவு பட்டப்பகலில் சாத்தியிருந்தது. லைன் வீட்டில் பகலில் யாரும் கதவு சாத்த மாட்டார்கள். தட்டினேன். ஆன்ட்டி கதவை ஒரு முகம் தெரிகிற அளவுக்கு மட்டும் திறந்தாள். டம்ளர் என்றதும் உள்ளே திரும்பிப் பார்த்தாள். "நாளெ கொட்தீனி புட்டா," என்றாள். நாளைக்குத் தருகிறேன் என்று. கதவு மூடிக்கொண்டது.

வந்து சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "உள்ள என்ன பாத்த?"

"ஒண்ணும் பாக்கலை."

"ஒண்ணுமே பாக்க விடலைன்னு சொல்லு."

நாளை வந்தது, போனது. டம்ளர் வரவில்லை. அதற்குப் பிறகு கடைசி வீட்டில் நடந்த ஒவ்வொன்றும் அம்மாவுக்கு ஒரு தடயமாயிற்று. அங்கிள் வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருக்கிறார், ஏன்? கேட்டில் நின்று யார் யாருடனோ மெதுவாகப் பேசுகிறார், நாம் குழாயடிக்குப் போனால் பேச்சை நிறுத்திவிடுகிறார், ஏன்? ஒரு நாள் எங்கள் வீட்டைப் பார்த்துக் கையை நீட்டி அந்த ஆட்களிடம் ஏதோ சொன்னார். அதை அம்மா தன் கண்ணால் பார்த்தாள். அவர்கள் வீட்டிலிருந்து தாளிக்கிற வாசனையே வருவதில்லை. அப்படியென்றால் எங்கே சாப்பிடுகிறார்கள்? யார் போடுகிறார்கள்? அம்மா இதையெல்லாம் அரிசி களைந்துகொண்டே தனக்குத்தானே கேட்டுக்கொள்வாள். பதிலும் அவளே சொல்லிக்கொள்வாள்.

எல்லாவற்றுக்கும் மேலாக என் சிநேகிதி. திராட்சை ஐஸ் போட்ட ஒரு மத்தியானம் துளசி மாடத்தருகே அவளிடம் ஒன்றை நீட்டினேன். எப்போதும் என் கையிலிருந்து பிடுங்குகிறவள், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஐஸிலிருந்து ஊதாச் சொட்டு என் முழங்கை வரை வழிந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு, "பேடா. அம்மா பேடா அந்த்ரு," என்றாள். அம்மா வேண்டாம் என்று சொன்னாளாம். சொல்லிவிட்டு ஓடிப்போனாள். எனக்கு அழுகை வந்தது. என்ன செய்தேன் என்று தெரியாமல் ஒதுக்கப்படுவது அந்த வயதில் எவ்வளவு பெரிய துக்கம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டில் சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். "தமிழுக்காரங்க கையில வாங்கித் திங்காதன்னு சொல்லியிருக்காங்க. புள்ளைக்கே சொல்லியிருக்காங்கன்னா பெரியவங்க மனசுல என்ன இருக்கும்?"

அன்று மத்தியானமே கடைக்குப் போய் உப்புத்தாள் வாங்கி வந்தாள். மீதி டம்ளர்களையெல்லாம் மடியில் போட்டுக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு, மாமா பெயரைத் தேய்க்க ஆரம்பித்தாள். எவர்சில்வர் கிறீச்சிட்டது. தம்பி காதைப் பொத்திக்கொண்டான். வேடிக்கை என்னவென்றால் தேய்க்கத் தேய்க்கச் சுற்றியிருந்த பளபளப்புதான் மங்கியது. புள்ளிகள் ஆழமாக இருந்ததால் அப்படியே நின்றன. முன்னைவிட எடுப்பாகத் தெரிந்தன. அம்மா இரண்டு டம்ளரோடு விட்டுவிட்டு உப்புத்தாளை மூலையில் வீசினாள்.

அதன் பிறகும் ஐஸ் போட்டாள், எங்களுக்கு மட்டும். ஜன்னலைச் சாத்தி, புழுக்கத்தில் வேர்த்துக்கொண்டு, சத்தமில்லாமல் தின்ன வேண்டும். உறிஞ்சும் சத்தம் கேட்டால் முதுகில் தட்டு விழும். உலகத்திலேயே திருட்டுத்தனமாக மாம்பழ ஐஸ் தின்ற குழந்தைகள் நாங்களாகத்தான் இருக்கும். ருசி என்னவோ அதேதான். ஆனால் பொரி மணக்கிற டம்ளர் வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பு இல்லை.

அப்பாவிடம் அம்மா கடைசியாகச் சொல்லிவிட்டாள். "ஏனுங்க, எனக்கு ராத்திரியில கண்ணை மூட முடியலீங்க. ஒண்ணு அவங்க இந்த லைன்ல இருக்கட்டும், இல்ல நாம இருக்கலாம்."

"ஒரு டம்ளருக்கா புள்ள இத்தன ரோசனை?"

"டம்ளருக்கு இல்லீங்க. அதுல இருக்கற எழுத்துக்கு. மறுக்கா ஏதாச்சும் கலாட்டா வந்தா, இந்தா பாருங்க இந்த வூடுன்னு காட்டறதுக்கு வேறென்னங்க வேணும்?"

அப்பா எழுந்து வெளியே போய் சைக்கிளைத் துடைத்தார். மேட்டூர் போவதென்றால் வேலையை விட வேண்டும். எங்கள் பள்ளிக்கூடம் போய்விடும். இருப்பதென்றால் அம்மா இப்படியே ஜன்னலைச் சாத்திக்கொண்டு பைத்தியமாகிவிடுவாள். பாவம், துடைத்த சைக்கிளையே துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்பா முடிவெடுப்பதற்குள் அம்மா ஓனரம்மாவைப் பார்க்கப் போய்விட்டாள். நானும் கூடப் போனேன். டம்ளரைப் பற்றியோ எழுத்தைப் பற்றியோ அம்மா பேசவில்லை. கேட்டில் வெளியாட்கள் வந்து வந்து நிற்கிறார்கள், வயசுக்கு வரப்போகிற பெண்ணை வைத்துக்கொண்டு பயமாக இருக்கிறது, நாங்கள் வேறு வீடு பார்த்துக்கொள்கிறோம் என்று கன்னடத்தில் நயமாகச் சொன்னாள். மாதம் பிறந்தால் வாடகை கையில் வைக்கிற ஃபாக்டரிக்காரர் வீட்டை விட ஓனரம்மாவுக்கு மனசு வருமா? "நீங்க ஏன் போகணும்?" என்றாள். "கடைசி வீட்டுக்காரங்களை நானே போகச் சொல்லணும்னுதான் இருந்தேன்."

அம்மா தலையாட்டிவிட்டு எழுந்தாள். திரும்பும்போது என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

ஜூன் பிறந்து முதல் மழை விழுந்த வாரம் கடைசி வீடு காலியானது. ஒரு டெம்போவில் பாதிகூட நிறையவில்லை. ஒரு கட்டில், ஒரு டிரங்குப் பெட்டி, சாக்கில் கட்டிய பாத்திரம். அங்கிள் கயிறு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். எங்கள் கதவு சாத்தியிருந்தது. அம்மா அந்த இடுக்கில் கண் வைத்துக்கொண்டு நின்றாள். அம்மாவின் கைக்குக் கீழே நான்.

ஆன்ட்டி எங்கள் வாசலுக்கு வந்தாள். பின்னால் என் சிநேகிதி. அம்மா கதவைத் திறக்க வேண்டியதாயிற்று.

ஆன்ட்டியின் இரண்டு கையிலும் எங்கள் டம்ளர். சாம்பல் போட்டுத் தேய்த்து, கல்யாணத்தன்று கடையிலிருந்து வந்தது போல மின்னியது. மாமாவின் பெயர் ஒரு புள்ளி குறையாமல் இருந்தது. டம்ளர் நிறைய, விளிம்புக்கு மேல் கூம்பாக, நாவல் பழம். மழையில் நனைந்து மண் ஒட்டியிருந்ததைக் கழுவித் துடைத்திருந்தார்கள். மைசூரில் அந்த மாதம் சாலையோர மரங்களிலிருந்து நாவல் பழம் தானாக விழும். யார் வேண்டுமானாலும் பொறுக்கலாம். சிநேகிதியின் விரல் நுனிகள் ஊதாவாக இருந்தன.

"லேட்டாகிப் போச்சு அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க," என்றாள் ஆன்ட்டி கன்னடத்தில். "அவர் ஓட்டின வண்டியை முதலாளி வித்துட்டார். வேலை போய் ரெண்டு மாசமாச்சு. வீட்டில திருப்பி வைக்கறதுக்கு ஒண்ணுமே இல்லை. இவளையும் உங்க வீட்டு ஐஸ் வாங்காதேன்னு சொல்லிட்டேன். வாங்கி வாங்கித் தின்னுட்டு எதைக் கொடுக்கறது?"

அம்மா டம்ளரை வாங்கிக்கொண்டாள். பிறகு தமிழில், தன்னை மறந்து ராமாபுரத்துத் தமிழில், "வெறும் டம்ளரைக் குடுத்திருக்கலாமேங்க," என்றாள்.

ஆன்ட்டிக்குப் புரிந்தது. சிரித்தாள். "பரீ லோட்டா ஹேகெ கொடோது அக்கா?"

வெறும் டம்ளரை எப்படிக் கொடுப்பது? எங்கள் அம்மாவுக்குத் தெரியாத வழக்கமா இது? ராமாபுரத்தில் மோர் வந்த சொம்பில் நாலு கறிவேப்பிலையாவது போடாமல் திருப்பி அனுப்பினால், பிறந்த வீட்டையே பழிப்பார்கள் என்று என்னை எத்தனை தடவை அதட்டியிருக்கிறாள். லைனில் மற்ற வீட்டார் எல்லாரும் அதைத்தான் செய்தார்கள், அம்மாவும் அதைத்தான் செய்தாள். பயம் வந்து உட்கார்ந்த இடத்தில் தெரிந்ததும் தெரியாமல் போய்விட்டது. இப்போது என் வயதில் அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருவதில்லை. பின்னால் இன்னொன்றும் தெரிந்தது. அங்கிள் ஒரு தடவை சைக்கிள் நிறுத்துமிடத்தில் அப்பாவை மறித்து, ஃபாக்டரியில் ஏதாவது டெம்பரவரி வேலை, என்று ஆரம்பித்துவிட்டு முடிக்காமல் போனாராம். கேட்டில் வந்தவர்களிடமும் வேலைதான் விசாரித்திருப்பார், எங்கள் வீட்டைக் கை காட்டியதும் ஃபாக்டரிக்காரர் வீடு என்று சொல்லத்தான் இருக்கும் என்றார் அப்பா.

டெம்போ கிளம்பியது. அம்மா டம்ளரோடு கேட் வரை ஓடினாள். அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை. "கொஞ்சம் இருங்க," என்று கத்தினாள். "கொஞ்சம் இருங்க, புள்ளைக்கு ஐஸ் போட்டுத் தாரேன்!"

ஐஸ் பிடிக்க அரை நாள் ஆகும் என்பது அவளுக்குத் தெரியாதா? ஆன்ட்டி என்னவென்று புரியாமல் கையை ஆட்டினாள். சிநேகிதி எனக்குக் கை காட்டினாள். முக்குத் திரும்பியது வண்டி. அவளை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

அம்மா நேரே ஓனரம்மாவிடம் போனாள். ஏதேதோ சொல்லி அழுதாள். ஓனரம்மா புரியாமல் விழித்தாள். அடுத்த வாரம் புதுக் குடித்தனம் வருவதாகப் பேசியாகிவிட்டது என்றாள். அன்று சாயங்காலம் அம்மா நாவல் பழத்தைக் கொட்டை நீக்கி, துளி உப்புப் போட்டுப் பிசைந்து, சர்க்கரை சேர்த்து, அதே டம்ளரில் ஊற்றி வைத்தாள். மறுநாள் தம்பியும் நானும் தின்றோம். நாக்கு ஊதாவாயிற்று, தொண்டை கரகரத்தது. அவள் தொடவில்லை. அந்தக் கோடையோடு ஐஸ் போடுவது நின்றது. மூட்டை கட்டும் பேச்சும் அதோடு நின்றது. நாங்கள் மைசூரிலேயே இருந்தோம்.

அதற்குப் பிறகு எத்தனையோ வீடு மாறினோம். அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பதை மட்டும் அம்மா நிறுத்தவில்லை. பாயசமானாலும் பொங்கலானாலும், வாழை இலைத் துண்டில், தொன்னையில், கடைசியில் ஒன்றும் கிடைக்காவிட்டால் காலி ஜாம் பாட்டில் மூடியிலாவது வைத்துக் கொடுப்பாள். பாத்திரத்தில் மட்டும் கொடுக்க மாட்டாள். போன இடத்திலெல்லாம் அவளைப் பற்றி ஒரே பேச்சுதான். சாகும் வரை அதைக் காதில் வாங்கிக்கொண்டாள், யாரிடமும் மறுத்ததில்லை. "அந்தம்மா ரொம்பச் சந்தேகப் பிராணி. ஒரு டம்ளரைக்கூட நம்பி நம்ம கையில குடுக்காது."